தகரக் கதவுக்கு வெளியே

கணவருக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை பூந்தமல்லிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பின்சுவருக்கு அந்தப்புறம் கைவிடப்பட்ட பழைய ஜெயில். குடிவந்த அன்றே வீட்டுக்கார அம்மா எச்சரித்தார்: "அமாவாச அன்னிக்கு அந்தப் பக்கம் போவாதம்மா. தண்ணி கேட்டுகினே செத்த கைதி ஒர்த்தன் அங்க கீறான். தண்ணி ஊத்துற சத்தம் கேக்கும்."

நான் சிரித்துக்கொண்டேன்.

ஆடிக் காற்றில் ஒரு மத்தியானம் மொட்டைமாடியில் காய்ந்த கணவரின் யூனிஃபார்ம் சட்டை பறந்துபோய், ஜெயிலின் கூரை இடிந்த ஓர் அறைக்குள் விழுந்தது. பின்சுவர் இடிந்திருந்த வழியாகப் போய், அறைக்குள் நுழைந்து அதை எடுத்தேன். அதற்குள் காற்று அறையின் தகரக் கதவை அறைந்து சாத்தியது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. தள்ளினேன், உதைத்தேன், அசையவில்லை. போன் வீட்டில் இருந்தது. கத்தியதில் தொண்டைதான் வறண்டது.

அப்போது வராந்தாவின் கோடியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

அன்று அமாவாசை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் அமைதி. மறுபடி சத்தம், இன்னும் கிட்டத்தில். ஒவ்வோர் அறையாக நின்று நின்று வந்தது. சட்டையை வாயில் அழுத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கினேன். பக்கத்து அறையில் ஊற்றியது. பிறகு என் கதவின் தாழ்ப்பாள் நகர்ந்தது.

கையில் பிளாஸ்டிக் குடத்துடன் நின்ற பெண் என்னைப் பார்த்து அலறினாள். நானும் அலறினேன்.

"ஐயோ, மன்சியா நீ? இங்க இன்னாமா பண்ணிகினு கீற?" என்றாள், நெஞ்சைப் பிடித்தபடி.

நடந்ததைச் சொன்னேன். "நீங்க எதுக்குக்கா இங்க தண்ணி ஊத்துறீங்க?"

"எங்க நைனாவ சந்தேகக் கேசுல இட்டாந்து இங்க வச்சாங்க. நான் அப்போ கைக்கொழந்த. ஜொரத்துல தண்ணி தண்ணின்னு கேட்டாராம். ஒர்த்தனும் குடுக்கல. பொணத்ததான் குடுத்தாங்க." அறையைச் சுற்றிப் பார்த்தாள். "எந்த ரூம்புன்னு தெர்ல. அதான் அமாவாசக்கு அமாவாச வந்து எல்லாத்துலயும் ஊத்துறேன்."

நான் நின்றிருந்த இடத்திலும் ஊற்றினாள். வீட்டுக்கு அழைத்தேன், விரதம் என்று மறுத்து, திருவேற்காட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அப்போ நெசமாவே ஒர்த்தர் செத்தாரா?" என்று கேட்டவர், மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.