குவாங் வாலும் பிஸ்கட் டின்னும்

அன்று காலை காட்டோரத்தில் இருந்தவர்கள் நான், ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வீரப்பன் அண்ணன், ரோந்து வந்த மலாய் சார்ஜன், அவருடைய ஆட்கள் ஐந்து பேர். இல்லாதவர் எங்கள் தோட்டத்துத் துரை. வால் படம் கேட்டவர் அவர். எங்களை அங்கே போகச் சொன்னவரும் அவர். அன்றைக்குப் பார்த்து மீட்டிங் என்று சிரம்பானுக்குப் போயிருந்தார்.

அது மலாயாவில் எமர்ஜென்சி காலம்; காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட்டுகளை ராணுவமும் போலீசும் தேடிக்கொண்டிருந்தன. எங்களுடையது கோலா கிளாவாங் பக்கத்து மலை ரப்பர் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி. பால்மரம் வெட்டப் போகிறவர்கள் கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக்கூடாது. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுத்ததாகச் சந்தேகம் வந்தாலே போதும், உள்ளே வைத்துவிடுவார்கள்.

நான் ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். ஒருநாள் துரை தம்முடைய கேமராவை என் மேசையில் வைத்தார்.

“காட்டுலே எல்லாம் ஓடுது, கிராணி. நான் பாக்கறது வாலு மட்டும். வாலு பாத்து பேரு சொல்ற மாதிரி ஆல்பம் வேணும். தலை வேணாம்.”

“நீங்களே எடுக்கலாமே துரை?”

“என்னே சுட்டுருவான். உன்னே சுட மாட்டான்.”

இப்படித்தான் கணக்கு எழுத வந்தவன் வால் படம் எடுக்கிறவன் ஆனேன். மூன்று மாதத்தில் அணில் வால், கிளையிலிருந்து கயிறுபோல் தொங்கிய லோத்தோங் குரங்கின் வால், கரிச்சானின் வால் எல்லாம் கிடைத்தன. அந்தக் கரிச்சானுக்கு வாலில் இரண்டு கம்பி நீண்டு, நுனியில் மட்டும் இறகு இருக்கும். பறக்கும்போது இரண்டு வண்டுகள் துரத்துவது போலத் தெரியும். பாக்கியிருந்தது குவாங் ஒன்றுதான். மயிலுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு பறவை. மலையில் அதன் குரலைக் கேட்டிருக்கிறேன், உருவத்தைப் பார்த்ததில்லை.

அதன் இடத்தைக் கண்டுபிடித்தவர் வீரப்பன் அண்ணன். கடைசி நிரை ரப்பர் மரங்களைத் தாண்டி, காட்டுக்குள் ஓர் அறை அகலத்துக்கு வெறும் தரை. ஒரு சருகு இல்லை.

“யாரோ வாசல் பெருக்குனாப்ல இருக்குல்ல? ஆளு இல்ல தம்பி, குவாங்கு. தெனம் காலையில வந்து சுத்தம் பண்ணும். ஒரு குச்சி கெடந்தாலும் அதுக்குப் பொறுக்காது.”

அப்படியானால் அதுவே தன்னைப் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். நடுவில் ஒரு குச்சியை நட்டு, அதிலிருந்து ஒரு நூலைக் கேமராவின் விசைக்குக் கட்டினேன். பனி படாமல் இருக்கக் கேமராவைப் பிஸ்கட் டின்னில் வைத்து, லென்சுக்கு மட்டும் ஓட்டை போட்டேன். மாலையில் வைத்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் பார்க்கப் போனோம்.

பறவைக்கு முன்னால் ரோந்து வந்திருந்தது. பெருக்கிய தரையின் நடுவில் சார்ஜன் பூட்ஸோடு நின்றார். அண்ணனுடைய துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

“சியாப்பா சாப்பு?” யார் பெருக்கியது என்று கேட்டார்.

“பூரோங்,” பறவை என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பறவை விளக்குமாறு வாங்கியது எந்தக் கடையில் என்று ஒருவன் மலாயில் கேட்டான். சார்ஜன் சிரிக்கவில்லை. அவர் கண்ணுக்கு அது காட்டில் ஒளிந்திருப்பவர்கள் வந்து உட்காரும் இடம்; டின் அவர்களுக்கு வைத்த சாப்பாடு; நூல் குண்டுக்குக் கட்டியது. திறந்து காட்டுகிறேன் என்றேன். கை வைத்தால் சுடுவேன் என்றார். துரை அனுப்பினார் என்றேன்.

“சூராட்?” சீட்டு எங்கே என்று கையை நீட்டினார்.

துரை வாயால்தான் சொல்லியிருந்தார்.

“எனக்குத்தான் எழுத்து தெரியாது. நீ படிச்சவன்தானடா? ஒரு துண்டுக் காயிதம் வாங்கத் தோணலையா?” என்றார் அண்ணன். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

பிறகு அவரே சார்ஜனிடம் தமக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினார். “சருகு போட்டுப் பாருங்க துவான். அது வந்து எடுக்குதா இல்லையான்னு பாருங்க. வரலேன்னா வெலங்கு மாட்டுங்க.”

சார்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் என்றார். நூலைத் தொடாமல் ஓர் ஓரத்தில் சருகைத் தூவிவிட்டு, புதருக்குப் பின்னால் எட்டுப் பேரும் குப்புறப் படுத்தோம். கொசு பிடுங்கியது. அட்டை ஏறியது. அண்ணனின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அந்த ஒரு மணி நேரம் முடியப் போகையில் அது வந்தது.

முதலில் நீலத் தலை. பிறகு பழுப்பு உடம்பு. உடம்பு ஒரு வேரைக் கடந்து தரைக்கு வந்துவிட்டது; வால் முழுதாக வரவில்லை. வந்துகொண்டே இருந்தது. இரண்டு நீண்ட இறகுகள், ஆளின் கையைவிட நீளம், புள்ளி புள்ளியாக, மண்ணில் படாமல் மிதந்து வந்தன. இவ்வளவையும் சுமந்துகொண்டா இந்தக் காட்டில் நடமாடுகிறது! அது குனிந்து ஒரு சருகைக் கொத்தி வெளியே எறிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அது திரும்பும்போதெல்லாம் வாலும் ஒரு வட்டம் போட்டு வந்தது. பக்கத்தில் சார்ஜனின் வாய் திறந்தபடி இருந்தது. துப்பாக்கி அவர் கையிலிருந்து நழுவிப் புல்லில் கிடந்ததை அவர் கவனிக்கவில்லை.

கடைசியில் அது குச்சியைப் பார்த்தது. கொத்தி இழுத்தது.

டின்னுக்குள் ‘க்ளிக்’ என்றது. பயந்துபோன ஒருவன் டின்னைச் சுட்டுவிட்டான்.

புகை அடங்கியபோது குவாங் இல்லை. டின்னில் வெடிகுண்டும் இல்லை. ஓட்டை விழுந்த கேமராதான் இருந்தது. அதை எடுக்கப் போன சார்ஜன் இந்த முறை தரையை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போனார். திரும்பி வந்து அண்ணனிடம் துப்பாக்கியைக் கொடுத்தார்.

பிலிமில் வெளிச்சம் ஏறிவிட்டது. வால் இல்லை. மறுநாள் துரை, “சீட்டு நீ கேக்கலே, கிராணி,” என்றார். அது உண்மைதான். அன்றிலிருந்து யார் என்ன வேலை சொன்னாலும் நோட்டை அவர்கள் முன்னால் நகர்த்துகிறேன்: ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆபீஸ் வேலைக்கு வரும் தம்பிகளும் இதைச் செய்ய வேண்டும். நாம் படித்தது நமக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்துத்தான்.

கேமராவுக்காக என் சம்பளத்தில் மாதம் பதினைந்து வெள்ளி பிடித்தார்கள். அதில் ஐந்தை அண்ணன் ஒவ்வொரு சம்பளத்தன்றும் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்றால் கேட்கமாட்டார்.

“அந்த வாலப் பாத்ததுக்கு டிக்கட்டுக் காசு தம்பி. புடி.”

எட்டு மாதம். இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றிருபது வெள்ளி.