ரெண்டும் ஒண்ணா நிக்காதுங்க

முனிரத்தினம் போன செய்தி எனக்குத் தெரு வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மாலை போட்ட படம், கீழே ‘புராணச் செம்மல்’ என்று கொட்டை எழுத்து. போட்டவர்கள் பஜனைக் கோயில் கமிட்டிக்காரர்கள். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருடமாக அவர் அந்தக் கோயில் படியை மிதிக்காததற்குக் காரணமே இவர்கள்தான்.

திருத்தணியில் எங்கள் நெசவாளர் தெருப் பஜனைக் கோயிலில் கிருத்திகைதோறும் சாயங்காலம் புராணம் படிப்போம். நான் பாட்டை வாசிப்பேன், அவர் பொருள் சொல்வார். விசைத்தறி இரைச்சலில் பேசிப் பழகிய குரல். மைக் வைத்தால் தள்ளிவிடுவார். “சாமிக்கும் காது கேக்குது, உங்களுக்கும் கேக்குது. இது எதுக்கு?” என்பார்.

எங்கள் வழக்கத்தில் ஒரு பாட்டையும் தாண்டக் கூடாது. போன மாதம் விட்ட இடத்தில்தான் இந்த மாதம் தொடங்க வேண்டும். ஆறு வருடம் முன்பு ஒரு கிருத்திகையன்று வந்த பாட்டு, அகாலத்தில் செத்தவர்கள் கதியில்லாமல் அலைவார்கள் என்றது. எதிரே லோகம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் திருப்பதி ரோட்டில் லாரி மோதிச் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அது தெரிந்தும் வாசித்தேன். முறை என்றால் முறை என்று நினைத்த முட்டாள் நான்.

“அண்ணா, அப்ப எம்புள்ள எங்க சுத்திகினு கீறான்?” என்று கேட்டாள் அவள்.

முனிரத்தினம் பொருள் சொல்லவில்லை. என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி, எங்கோ பின்னால் புரட்டி, ஒருமுறை இந்த மலையேறியவனை முருகன் கைவிடமாட்டான் என்கிற பாட்டைத் தானே படித்தார். “ஆடிக்கிருத்திகைக்கு வருசம் தவறாம காவடி எடுத்தவன்மா உம்புள்ள. அவன் மேலதான் கீறான்” என்றார்.

கமிட்டித் தலைவர் எழுந்தார். “அப்ப மொதல்ல படிச்சது பொய்யா?”

“ரெண்டும் ஒண்ணா நிக்காதுங்க. ஒண்ணு பயமுறுத்த எழுதினது, ஒண்ணு ஆறுதலுக்கு எழுதினது. பெத்தவ கேக்கும்போது எத சொல்றதுன்னு எனக்குத் தெரியும்.”

புராணத்தில் முரண்பாடு கண்டுபிடிக்க நீ யார் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். மன்னிப்புக் கேட்டால் தொடரலாம் என்றார் தலைவர். முனிரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த மாதம் வேறொருவர் பொருள் சொன்னார். வாசித்தவன் மட்டும் நானேதான்.

வெட்கம் தாங்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். “நீ படிய்யா, உன்ன யாரு வேணாம்னது? படிக்கறதுக்கு முன்னாடி எதிர்ல குந்திகினு கீறது யாருன்னு பாத்துக்கோ” என்றார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.

நேற்று இரங்கல் கூட்டம். “புராணத்துல ஒரு எழுத்தைக்கூட மறுத்துப் பேசாத மனுசன்” என்றார் தலைவர். அன்றைக்குக் கத்திய அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன். “மறுத்துப் பேசினாருங்க. அவர் சொன்னதுதான் சரி” என்றேன். பின்னாலிருந்து லோகம்மா, “எனக்காகப் பேசினாரு” என்றாள்.

அவரை அறிந்தவர்களே, செம்மல் பட்டத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுத்துப் பேசினார் என்பதை நான் வைத்துக்கொள்கிறேன். ‘அவர் சொன்னதுதான் சரி’ என்று சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆனது. அதைக் கேட்க அவர் இல்லை.