அவர் பெயர் புடைத்த கை

என் காது மடலின் பின்னால் வேப்பங்கொட்டை அளவுக்கு ஒரு தடிப்பு உண்டு. சிறுவயதில் காது குத்திய இடம் லேசில் ஆறாமல் புடைத்து, அப்படியே நின்றுவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று மாமியார் என் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொண்டைய எறக்கிப் போட்டா மறைஞ்சிடும்" என்றார். அந்தத் தடிப்பைப் பற்றி அந்த வீட்டில் பேசியது அத்தோடு சரி.

கல்யாணமான வருஷமே என் புருஷனுக்குச் சிங்கப்பூர் வேலை கிடைத்தது. குடவாசல் பக்கம் அப்போது வீட்டுக்கு ஒருவராவது வெளிநாடு புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். புருஷன் ஊரில் இல்லாத மருமகளை ஊர் ஏதாவது சொல்லும். மாமியார் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். புருஷன் பெயரை என் இடது முன்கையில் பச்சை குத்திவிடுவது. அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதுகூடக் கிடையாது.

பச்சை குத்துகிறவள் கிணற்றடியில் வந்து உட்கார்ந்தாள். எந்த வீட்டில் குத்திவிட்டு வந்தாளோ, ஊசியை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அத்தை, எனக்குக் காது குத்துனதே ஆறாம புடைச்சுப் போச்சு. இதுவும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு." அந்த வீட்டில் நான் அதுவரை அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

மாமியார் பச்சை குத்துகிறவளைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியா, புருஷன் பேர எழுதிக்க மகராசிக்குப் பயமாம்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

"அவன் பாஸ்போர்ட்டுக்கு அலையறான். கையை நீட்டுடி."

நீட்டினேன்.

மறுநாளே நாற்றுப் பறிக்க ஆள் போதவில்லை என்று என்னை நாற்றங்காலில் இறக்கிவிட்டார்கள். முழங்கை வரை சேறு. கை வீங்கிச் சீழ் வைத்தது, காய்ச்சல் வந்தது. மஞ்சளை அரைத்துப் பூசு என்றார் மாமியார். என் புருஷன் விமானம் ஏறும்போது கையில் துணி சுற்றியிருந்தேன்.

சீழ் வற்றியபிறகுதான் எழுத்துகள் எழும்பத் தொடங்கின. ஒவ்வொன்றும் மண்புழு போலத் தடித்து, பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. வெயில் ஏறினால் பிடுங்கி எடுக்கும் அரிப்பு.

பிறகு கொழுந்தன் துபாய்க்குப் புறப்பட்டார். அவர் பெண்டாட்டிக்கும் பச்சை குத்தினார்கள். அவளுக்குச் சில நாளில் பொருக்கு உதிர்ந்து, அச்சடித்த மாதிரி பெயர் தெரிந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மாமியார் எங்கள் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்.

"ரெண்டு பேருக்கும் குத்துனவ ஒருத்திதான். மனசுல இருந்தாத்தானே உடம்புல ஒட்டும்."

"அக்கா கை பாவக்காய் மாதிரி இருக்கு அத்தை" என்பாள் அவள். எல்லோரும் சிரிப்பார்கள்.

சிங்கப்பூரிலிருந்து அவர் முதல் முறை லீவில் வந்த அன்று, பெட்டியைப் பிரிக்குமுன்பே மாமியார் என் முந்தானையை விலக்கி, கையை இழுத்து அவர் முன்னால் வைத்தார். "உன் பேருதான். படிச்சுப் பாரு."

அவர் குனிந்து பார்த்தார். படிக்க முடியவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போதே, "என்னைப் பிடிக்கலையா உனக்கு?" என்று கேட்டார்.

நான் காதை மடித்துக் காட்டினேன். "இதுவும் அப்படித்தாங்க ஆச்சு. முன்னாடியே சொன்னேன்."

"கையக் கேட்டா காதக் காட்டுறா" என்றார் மாமியார்.

அவர் என்னைக் கும்பகோணத்துக்குத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் கையைப் பார்த்ததும், நான் எதுவும் சொல்லாமலே என் காதைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாதிரி தோலுக்குப் பச்சையே குத்தக் கூடாதும்மா. அறுத்து எடுத்தா இதைவிடப் பெருசா வளரும். ஊசி போட்டுப் பார்க்கலாம், அதுவும் முழுசாப் போகாது. காது குத்துன புண்ணு எப்படி ஆறுச்சுன்னு யாரும் கேக்கலையா?"

நான் புருஷனைப் பார்த்தேன். அவருக்கும் காதில் விழுந்திருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது என் மனசு லேசாக இருந்தது. வீட்டில் இவர் சொல்வார், இனி அந்தப் பேச்சு இருக்காது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று மாமியார் வாசலிலேயே கேட்டார்.

"அவ உடம்பு ஏத்துக்கலையாம்."

"நான் சொன்னதத்தானே டாக்டரும் சொல்லியிருக்காரு."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த முறை வந்தபோது கொழுந்தன் பெண்டாட்டிக்குக் கண்ணாடி வளையல் கொண்டுவந்தார். எனக்கு முழுக்கை ரவிக்கைக்கு என்று கெட்டித் துணி. நல்ல சித்திரை மாதம். அதைத் தைத்துப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் சோறு போட்டு முடிகிறவரை கையைச் சொறியாமல் இருந்தேன்.