மொட்டை போட்ட அன்று பஸ் நிலையத்தில்

அந்த வாரம் முழுக்க டிவியில் ஒரு குழந்தையைக் கடத்திய செய்திதான். பெங்களூரில் கட்டட வேலை செய்த நான், மனைவியும் மகனும் இருந்த நாகலாபுரத்துக்கு எப்போதாவதுதான் வருவேன். வேண்டுதலுக்காகக் குடும்பத்தோடு திருமலைக்குப் போயிருந்தோம். மகனுக்கு முதலில் மொட்டை போட்டார்கள். அழுது தூங்கிப்போனான். பிறகுதான் நானும் மனைவியும் முடி கொடுத்தோம்.

கீழே திருப்பதி பஸ் நிலையத்தில் மனைவி தண்ணீர் பிடிக்கப் போனாள். மடியில் விழித்த மகன், மீசையும் மழித்திருந்த என் முகத்தைப் பார்த்து வீறிட்டான்.

"யார்ரா நீ? புள்ளைய எங்க இட்டுக்கினு போற?" ஒருவன் என் சட்டையைப் பிடித்தான்.

"நான்தான் இவன் நைனா" என்றேன்.

"நைனா வேணும்" என்று பிள்ளை என்னிடமிருந்தே திமிறினான். கூட்டம் கூடிவிட்டது. ஓடிவந்த மனைவியின் மொட்டையைக் கண்டு இன்னும் அலறினான். அவளையும் கூட்டாளி என்றார்கள். அவள் எல்லாரையும் சேர்த்துத் திட்டினாள். அந்தக் குரலைக் கேட்டதும்தான் அவளிடம் தாவினான்.

சட்டையை விட்டவன் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. "நீ டிவி பாக்கறதில்லையா?" என்று எனக்கே புத்தி சொன்னான்.

அதற்குப் பிறகு கடைத்தெருவில் மகன் அழுதால், நான் முதலில் அவன் கையை விட்டுவிடுவேன்.