த்ரெனடி

போன மாதம் கீழ் வீட்டுக் காவ்யா வாட்ஸப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். “ஆன்ட்டி, த்ரெனடின்னா என்ன?”

ஹெப்பாள் போகும் கம்பெனி பஸ்ஸில் இங்கிலீஷ் நாவல் படிக்கிற பெண். வாயில் நுழையாத வார்த்தை வந்தால் உடனே எனக்கு ஒரு மெசேஜ்!

இறந்தவரை நினைத்துப் பாடுகிற பாட்டுதான் த்ரெனடி. கிரேக்கத்திலிருந்து வந்த சொல். இங்கிலீஷ் எழுத்தாளர்களுக்கு அது ஒரு செல்லப் பிள்ளை. மழை பெய்தால் த்ரெனடி, சவுக்குத் தோப்பில் காற்று வீசினால் த்ரெனடி... செத்தவர் யாரும் இல்லாமலே பாட விடுவார்கள்.

“நம்ம ஒப்பாரிதான்டி” என்றேன்.

“ஹௌதா?” என்று கன்னடத்தில் ஆச்சரியப்பட்டாள். “எங்கம்மா சூப்பரா பாடுவாங்களே!”

உண்மைதான். காவ்யாவின் அம்மா பொன்னிக்குத் தமிழ்க்காரர்கள் நிறைய இருக்கிற ஹனூர் பக்கம். ஊரில் சாவு என்றால் பஸ் பிடித்துப் போய்ப் பாடிவிட்டு வருவாள். என்னிடமே ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள்: “நான் போனா யாராச்சும் நாலு வரி பாடுங்க சாமி. என்னைய ஊமையா அனுப்பிப் போடாதீங்க.”

இப்படிச் சட்டென்று போவாள் என்று யார் கண்டார்கள்?

போன வாரம்... காலையில் நெஞ்சு வலி என்றாள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பாவி, அப்படி என்ன அவசரம்!

ஹாலில் கிடத்தியிருந்தார்கள். ஹனூர் சொந்தங்கள் வந்து சேரவில்லை. அக்கம்பக்கத்துக் கன்னடப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தி விசும்பினார்கள். காவ்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆன்ட்டி, அம்மா கேட்டாங்களே. நீங்க பாடுங்க, ப்ளீஸ்.”

எனக்கு ஒரு வரி வராது. அர்த்தம் சொல்வது வேறு, பாடுவது வேறு இல்லையா?

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் ‘ஒப்பாரி’ என்று தேடினாள். முதலில் வந்ததைத் தொட்டாள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வீடே அதிர எழுந்தது. காவ்யா, அம்மாவின் காலடியில் உட்கார்ந்து கை கூப்பிக்கொண்டாள்.

இரண்டு வரி போவதற்குள் எனக்குப் பகீரென்றது. பாடுகிறவள் தாயை நினைத்து அழவில்லை. செத்துப்போன புருஷனைக் கூப்பிட்டு அழுகிறாள்! பொட்டை அழிக்கிறார்களே, பூவைப் பறிக்கிறார்களே என்று.

பொன்னியின் புருஷன் மாரப்பன் அங்கேயே, அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

“அட கெரகமே! மனுசன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப இதென்ன பாட்டு? நிறுத்துங்கடி!” என்று வாசலில் நின்ற ஒரு தமிழ்க்காரம்மா கத்தினாள்.

காவ்யா திருதிருவென்று விழித்தாள். வீட்டுத் தமிழ் தவிர வேறு தமிழ் அவளுக்குத் தெரியாது. “ஏன் ஆன்ட்டி? ஒப்பாரிதானே? தப்பா?”

எழுந்து ஸ்பீக்கர் பக்கம் போனேன்.

“நிறுத்தாதீங்கம்மா.”

மாரப்பன்தான். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர்.

“நான் முன்னால போயிருந்தா அவ எனக்கு இதத்தானுங்க பாடியிருப்பா...” குரல் உடைந்தது. “கேட்டுக்கறேன், உடுங்க.”

சவுண்டைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.