கதிரவேலர் விசாரிக்க மறந்த ஆள்

மருதனார்மடம் சந்தியில் நின்று யாருடைய பெயரைச் சொன்னாலும் கதிரவேலர் அந்த ஆளின் பூட்டன்வரை போய் வருவார். கலியாணத் தரகர் என்றால் சும்மாவா? எந்த வீட்டில் பெண் இருக்கிறது, எந்தப் பெடியன் கனடாவில் உண்மையாகவே வேலை செய்கிறான், எவன் செய்வதாகச் சொல்லிக்கொண்டு படுத்துக் கிடக்கிறான், எந்தக் குடும்பமும் எந்தக் குடும்பமும் எதற்காக முகம் பார்ப்பதில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "தம்பி எவடம்? ஆற்றை மகன்?" என்று ஊரையும் தகப்பன் பேரையும் கேட்காமல் அவர் ஒருவரோடு தேத்தண்ணி குடித்ததில்லை. கோயில் வீதியில் கேட்பார், பேருந்தில் கேட்பார், செத்த வீட்டில் கூடக் கேட்பார். ஒரே ஒரு ஆளிடம் கேட்கத் தவறினார். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முதல் வேலியடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரின் வடக்குப் பக்கத்துக் காணிகளைச் சண்டைக் காலத்தில் இராணுவம் எடுத்தது. சண்டை முடிந்தும் காணி திரும்பவில்லை. முள்ளுக்கம்பி வேலி, அதற்குள் முகாம், முகாமுக்குள் ஊர்ச்சனத்தின் கிணறுகளும் வீட்டு அத்திவாரங்களும். வெள்ளிக்கிழமைகளில் சில பெண்கள் கோயிலால் வந்து அந்த வேலியடியில் வெயிலுக்கு ஒரு தறப்பாளைக் கட்டிப் பாய் விரித்து இருப்பார்கள். கல் எறிவதில்லை, கத்துவதில்லை. முதலில் ஒருத்தி வாசலுக்குப் போய்க் காவலுக்கு நிற்பவனிடம் மரியாதையாக, "எங்கடை கிணத்தை ஒருக்காப் பாத்திட்டு வரலாமோ?" என்று கேட்பாள். அவன் ஏலாது என்பான். அவள் திரும்பி வந்து பாயில் இருப்பாள். வெயில் சாயும்வரை அவ்வளவுதான் போராட்டம். அடுத்த வெள்ளி வேறொருத்தி போய்க் கேட்பாள்.

இதைத் தொடக்கியவள் பிரதீபா. முன்பள்ளியில் படிப்பிக்கிறவள், உயரமான, கண்ணாடி போட்ட பிள்ளை. தகப்பன் இல்லை, தாய் குணலட்சுமியும் அவளும்தான். கதிரவேலர் அந்தப் பக்கத்தால் மோட்டார் சைக்கிளில் போனால் கையைத் தூக்கிக் காட்டுவார், நிற்க மாட்டார். "எனக்கு எல்லாப் பக்கமும் ஆள் வேணும். நான் உதிலை வந்து குந்தினால் நாளைக்கு ஆர் என்னட்டைச் சாதகம் தருவினம்?" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள், நியாயம்தானே என்று.

ஆனால் அந்தப் பிள்ளையில் அவருக்கு உண்மையாகவே பற்று இருந்தது. அதனால்தான் கொடிகாமத்தில் ஒரு நல்ல இடம் பார்த்தார். கோபிசங்கர் என்று பெடியன், அரசாங்கக் கந்தோரில் வேலை, தகப்பன் சந்தையில் தேங்காய் வியாபாரம். பெடியனுக்கும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. வேலியடியில் இருக்கிறவள் என்று தெரிந்துதான் ஓம் என்றான். கலியாணப் பேச்சுக்கால் முடிந்து, தாலிக்கான பொன்னுருக்குக்கு நாள் பார்க்கிற கட்டத்தில் இருந்தது. இந்தப் பக்கங்களில் அதுவரை விஷயம் வெளியே போகக்கூடாது. கண்ணூறு படும், கோள் சொல்ல ஆள் வரும். கூடப் பிறந்தவளுக்குக்கூடச் சொல்லாத வீடுகள் உண்டு. தெரிந்தது இரண்டு வீட்டுக்கும் கதிரவேலருக்கும் மட்டும்.

ஒரு சனிக்கிழமை ஆஞ்சநேயர் கோயிலில் கும்பிட்டுவிட்டுச் சந்தித் தேநீர்க்கடையில் இருந்தவரிடம் ஒருவன் வந்தான். நெற்றியில் திருநீறு, மடிப்புக் குலையாத சேட்டு, பணிவான முகம்.

"கலியாணம் பேசிற கதிரவேலையா நீங்கள்தானே? உங்களைப் பற்றிக் கன பேர் சொல்லிச்சினம்."

கன பேர் சொன்னார்களாம். கதிரவேலருக்கு அதுவே போதும்.

"என்ரை தம்பி ஒருத்தன் லண்டனிலை ஐயா. பொம்பிளை பாக்கிறம். உந்த வேலியடியிலை கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை இருக்கிறா. துணிஞ்ச பிள்ளை மாதிரிக் கிடக்கு. அவ ஆற்றை மகள்?"

"பிரதீபாவோ?" கதிரவேலர் பெரிதாகச் சிரித்தார். "அது முடிஞ்ச காரியம், தம்பி."

"முடிஞ்சுதோ? ஊருக்கை ஒருத்தரும் சொல்லேல்லையே. உங்களுக்கும் சரியாத் தெரியாதாக்கும்."

தரகரிடம் சொல்லக்கூடாத சொல் அது. அவன் தெரிந்துதான் சொன்னான்.

"எனக்குத் தெரியாதோ? முடிச்சு வைச்சதே நான்தானே! கொடிகாமம். தேப்பன் சந்தையிலை தேங்காய் யாவாரம். பெடியன் கந்தோரிலை. சந்தைக்குப் பின் ஒழுங்கையாலை போனால் பச்சைக் கேற் வீடு."

அவன் வாயைப் பிளந்து கேட்டான். இன்னொரு தேத்தண்ணியும் வடையும் எடுத்துக் கொடுத்தான். பிறகு, "அந்தப் பிள்ளையோடை இருக்கிற மற்றவையும் நல்ல குடும்பங்களோ, ஐயா?" என்றான். கதிரவேலர் அவர்களையும் ஒவ்வொருவராக எடுத்து விரித்தார். இரத்தினம்மாவின் மருமகன் எந்தக் கடையில் நிற்கிறான், கஜானியின் புருஷன் எந்த நாட்டுக்குப் போக அலுவல் பார்க்கிறான், எல்லாம். ஒருவன் தன்னை ஐயா ஐயா என்று கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது. வாய் ஓயாமல் போனது. எழும்பி வரும்போதுகூட அவன் எவடம், ஆற்றை மகன் என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த கிழமை உதயகலா தொலைபேசியில் கூப்பிட்டார். கோபிசங்கரின் தாய். உடனே வரச் சொன்னார். கதிரவேலர் பொன்னுருக்கு நாள் விஷயமாக்கும் என்று பஞ்சாங்கத்தையும் கொண்டு போனார்.

"சிவில் உடுப்போடை ஆமிப் புலனாய்வு ஆக்கள் வந்தவங்கள் அண்ணை," என்றார் உதயகலா. கேற்றைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தார். "உங்கடை வீட்டுக்கு வாற மருமகள் ஆமியோடை கொழுவுறா, தெரியுமோ எண்டு கேட்டவங்கள். பெடியன்ரை வேலை எந்தக் கந்தோர், ஆர் மேலதிகாரி எண்டும் கேட்டவங்கள். இவருக்கு இரவெல்லாம் நித்திரை இல்லை. பெடியன் அழுறான். ஆனால் எங்களுக்கு வேண்டாம் அண்ணை. நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கோ."

கதிரவேலருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. திருநீறும் மடிப்புக் குலையாத சேட்டும் கண்ணுக்குள் வந்தன.

உதயகலா விடவில்லை. "ஒருத்தருக்கும் சொல்லாத விஷயம். அவங்களுக்கு எங்கடை வீடு எப்பிடித் தெரியும்? அந்தப் பிள்ளைதான் அங்கை இருந்துகொண்டு ஆரிட்டையும் வாய் விட்டிருக்கும், என்ன?"

அந்தக் கணத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கலியாணம் எப்படியும் முறிந்ததுதான். பழியாவது சரியான தலையில் விழுந்திருக்கும். ஆனால் தொழில் கண்ணுக்கு முன் நின்றது. வாய் காக்காத தரகனுக்கு யார் கதவு திறப்பார்கள்?

"இருக்கும், பிள்ளை," என்றார் கதிரவேலர்.

கொடிகாமத்திலிருந்து வரும் வழி முழுக்க அந்த "இருக்கும்" அவரைக் குத்திக்கொண்டு வந்தது. வெட்கக்கேடு. வயசுக்கும் நரைத்த தலைக்கும் ஒரு மதிப்பும் இல்லாத வெட்கக்கேடு.

செய்தி சொல்லக் குணலட்சுமி வீட்டுக்குப் போனார். சுற்றி வளைத்து, "அவை கொஞ்சம் யோசிக்கினமாம்" என்று தொடங்கி, கடைசியில் சொல்லி முடித்தார். குணலட்சுமி மகளின் பக்கம் திரும்பினார்.

"ஆரிட்டையடி சொன்னனீ?"

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, அம்மா."

"சொல்லாமல் அவங்களுக்குக் கனவிலையோ தெரிஞ்சது? அண்ணை பாடுபட்டுப் பார்த்த இடம்! பாயிலை இருந்து பல்லைக் காட்டிக் கதைச்சிருப்பாய்."

"அம்மா, சத்தியமாச் சொல்லேல்லை."

பிரதீபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். கொடுத்த தேத்தண்ணியைக் கதிரவேலர் குடித்தார். வாசலடிக்கு வந்த குணலட்சுமி, "உங்களைத்தான் வீணா அலைக்கழிச்சுப் போட்டம் அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். மனுசி அவரிடம் மன்னிப்புக் கேட்டார்! கதிரவேலர் செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு, "போட்டு வாறன்" என்று வெளியேறினார்.

வேலியடிக்கும் அடி விழுந்தது. இரத்தினம்மாவின் மருமகனைக் கடையில் வந்து விசாரித்திருந்தார்கள். கஜானியின் புருஷன் பயந்துபோய் அவளை வீட்டுக்குள் மறித்துவிட்டான். மற்றவர்களும் ஒவ்வொருத்தராக வராமல் நின்றார்கள். அதைவிடப் பெரிய கேடு, யார் சொன்னது என்று ஒருத்தியை ஒருத்தி பார்க்கத் தொடங்கினார்கள். பாயில் பக்கத்தில் இருக்கிறவள் மேலேயே சந்தேகம். வேலியையும் வெயிலையும் தாங்கிய பெண்களால் அதைத் தாங்க முடியவில்லை. இன்னும் ஒரு வெள்ளி இப்படிப் போனால் தறப்பாளை அவிழ்த்துவிட வேண்டியதுதான் என்று ஊரில் கதைத்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை கதிரவேலர் மோட்டார் சைக்கிளை வேலியடியில் நிறுத்தினார். ஏன் வந்தார் என்று அவருக்கே தெளிவில்லை. சொல்லத்தான் வந்தார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் பாயில் இருந்த நான்கைந்து பெண்களைக் கண்டதும் "சும்மா வந்தனான்" என்றுதான் வாயில் வந்தது. குணலட்சுமியும் மகளுக்குக் காவல் மாதிரி வந்து இருந்தார்.

"வாங்கோ மாமா," என்றாள் பிரதீபா. ஆச்சரியப்பட்டாள், சந்தோஷமும் பட்டாள். "நீங்களாவது வந்தியளே."

அவர் பாயின் ஓரத்தில் இருந்தார். ஏதாவது கதை தொடங்குவோம் என்று வாயைத் திறக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதே சேட்டு, அதே திருநீறு. அவன் முதலில் தொலைபேசியை உயர்த்திப் பெண்களைப் படம் எடுத்தான். பிறகு கதிரவேலரைக் கண்டான்.

"அட, கதிரவேலையா! சுகமே? நீங்கள் சொன்ன அடையாளம் அச்சொட்டு. கொடிகாமத்திலை பச்சைக் கேற்றை நேரை போய்ப் பிடிச்சிட்டம்."

வாய் தவறிச் சொன்னதல்ல. அந்தப் பாயில் மிஞ்சியிருந்ததையும் கலைப்பதற்காக அளந்து போட்ட சொல். எல்லாத் தலையும் கதிரவேலர் பக்கம் திரும்பியது. நிலத்தைப் பார்த்தபடியே அவர் கூனிக் குறுகினார். ஒரு பெண்ணும் ஏசவில்லை. யாராவது செருப்பால் அடித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பிரதீபா எழும்பினாள்.

"அதுக்கு ஏன் மாமாவை அலைக்கழிச்சனீங்கள்? என்னட்டையே கேட்டிருக்கலாமே," என்றாள் அவனிடம். "என்ரை பேர் பிரதீபா. குணலட்சுமியின்ரை மகள். பேசின கலியாணம் குழம்பிப் போச்சு, அதையும் எழுதுங்கோ. உந்த ரண்டு பனைக்கும் நடுவிலை கிடக்கிறது எங்கடை கிணறு. அதைக் கேக்கத்தான் இருக்கிறம்."

இரத்தினம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "நான் இரத்தினம்மா. மருமகன் நிக்கிற கடைதான் உங்களுக்குத் தெரியுமே. முகாம் சமைக்கிற குசினி இருக்கிற இடம் எங்கடை வீடு." அடுத்தவள் எழும்பினாள், அதற்கடுத்தவளும். தங்கள் பெயர், தாய் தகப்பன் பெயர், காணியின் அடையாளம். கதிரவேலர் கடையில் வடைக்கு விற்ற அத்தனையையும் அவர்கள் நிமிர்ந்து நின்று சும்மா கொடுத்தார்கள். அவன் தொலைபேசியை இறக்கினான். இனிப் பயமுறுத்த அவன் கையில் என்ன இருந்தது?

பாயில் இருந்தது கதிரவேலர் மட்டும்தான். அவரும் எழும்பினார். கால் விறைத்திருந்தது.

"என்ரை பேர் கதிரவேலு," என்று தொடங்கினார்.

"உங்களைத் தெரியாதோ ஐயா," என்றான் அவன், வாகனத்தை உதைத்தபடி. "நீங்கள் எங்கடை ஆள்தானே."

அவன் போய்விட்டான். பெண்கள் திரும்பப் பாயில் இருந்தார்கள். கதிரவேலரை இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அவர் பாயை விட்டுத் தள்ளிச் செம்மண்ணில் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பிரதீபாதான் கேட்டாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டாள்.

"மாமா, அவன் எவடம், ஆற்றை மகன் எண்டு நீங்கள் கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லைப் பிள்ளை."

அதோடு விட்டிருக்கலாம். மிச்சம் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது, இனித் தெரியவரப் போவதும் இல்லை. அவர் விடவில்லை.

"கொடிகாமத்திலை நீதான் வாய் விட்டிருப்பாய் எண்டு கேட்டினம். இருக்கும் எண்டு நான் சொன்னனான்."

குணலட்சுமி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகளின் பக்கம் மெல்ல நகர்ந்து போய் அவளுடைய கையைப் பிடித்தார். "நான் உன்னை நம்பேல்லையேடி," என்று சொல்லிவிட்டு, வேலியைப் பார்த்தபடி அழத் தொடங்கினார்.