அடுத்த வீட்டு நிறத்தில் ஒரு ஸ்பூன்

அல்மீடா என் தாய்மாமன் எபனின் மகள். அமெரிக்காவில் எங்கள் மெய்ன் கரையில் பெண்கள் தனியாகப் படகு வைத்துச் சிங்கி இறால் பிடிப்பது அபூர்வமாக இருந்த காலத்திலேயே அவள் பிடித்தாள். எபன் மாமா போனபிறகு அவருடைய படகு, கூண்டுகள், பச்சையில் கறுப்புப் பட்டை போட்ட மிதவை நிறம் எல்லாம் அவளுக்கு வந்தன. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "படகுல இன்னொரு ஆளுக்கு இடமில்ல" என்பாள்.

இறால் பிடிக்கிற கூண்டு கடலடியில் கிடக்கும்; கயிறு அறுந்தால் கூண்டு போனதுதான். அது யாருடையது என்பதை அந்தக் கயிற்றின் நுனியில் மேலே மிதக்கிற மிதவையின் நிறம்தான் சொல்லும். ஒரு வீட்டு நிறத்தை இன்னொரு வீடு தொடாது. மிதவை கரையில் ஒதுங்கினால்கூட உரியவரின் துறையில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவோம்.

அல்மீடாவின் அண்ணன் மகள் ராண்டா. அவளுடைய மகள் ஜூனிக்கு அப்போது நாலு வயது. பிறந்ததிலிருந்தே கைகால் விறைப்பு, பார்வையும் மங்கல். ராண்டாதான் ஊட்டிவிடுவாள். வெல்லப்பாகில் வேகவைத்த பீன்ஸோடு ஊரே கூடும் சர்ச் கூடத்து விருந்தில் மற்றப் பிள்ளைகள் தாங்களாகவே சாப்பிடுவதைப் பார்த்த நாளிலிருந்து ஜூனி வாயை மூடிக்கொண்டாள். அம்மா கையால் ஒரு வாய் வாங்கமாட்டாள். ஸ்பூனைத் தானே எடுக்கப் பார்ப்பாள், அது நழுவும். அழவும் மாட்டாள். தட்டு அப்படியே இருக்கும். குழந்தை இளைத்துக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் டீனா சொன்னாள்: "பிடி தடிமனா இருக்கணும், ராண்டா. ஆனா கனக்கக் கூடாது. கடையில வாங்கினது அவ கைக்கு ரொம்ப கனம். நானும் தேடறேன், நீங்களும் பாருங்க."

அங்கே உட்கார்ந்திருந்த அல்மீடா எழுந்து போனாள். தன் கொட்டகையில், நடுவே கயிறு போகத் துளையுள்ள, தக்கைபோல லேசான ஒரு சின்ன மிதவையை எடுத்து, ஒரு துண்டு அறுத்து, துளைக்குள் ஸ்பூன் காம்பைச் செருகினாள். ஜூனியின் மணிக்கட்டு திரும்பாது என்பதால் ஸ்பூனின் கழுத்தை உள்பக்கம் வளைத்தாள். தட்டு நகராமல் இருக்க அடியில் ரப்பர் விரிப்புத் துண்டு போட்டாள்.

பிடி கைக்குச் சரியாக இருந்தது. ஆனால் கீழே வைத்தால் ஜூனிக்கு அது தெரியவில்லை. பச்சையும் கறுப்பும் மேஜையோடு மேஜையாகப் போயின. விரல்கள் தடவித் தடவி ஓய்ந்தன. உரியவரிடம் சேர்க்க அல்மீடா கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்திருந்த ஆரஞ்சு மிதவையைத்தான் அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். அது அடுத்த வீட்டு இறால்காரர் ஹார்லனுடையது.

"ஆரஞ்சு பெயின்ட் அடிச்சுடலாமே, அத்தை" என்றாள் ராண்டா.

"அது ஹார்லன் நிறம்."

"மஞ்சள்?"

"அதுக்கும் ஆள் இருக்கு. கண்ணுக்குத் தெரியற நிறத்துக்கெல்லாம் ஆள் இருக்கு."

"சாப்பாட்டு மேஜைதானே, யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

ஹார்லன் அல்மீடா வீட்டோடு பேசுவதில்லை. தன் கூண்டுக் கயிறுகளை எபன் மாமா அறுத்துவிட்டார் என்று அவர் ஒரு காலத்தில் சொன்னார். எங்கள் ஆட்கள் எல்லோரும் இல்லை என்று சாதித்தோம். அல்மீடா மட்டும் எதுவும் சொன்னதில்லை.

மறுநாள் அந்த மிதவையோடு அவர் துறைக்குப் போனாள். இரைமீன் பீப்பாயில் கை விட்டிருந்த ஹார்லன் நிமிரவில்லை.

"வழி தப்பிட்டியா, அல்மீடா?"

"உன் மிதவை என் கரையில ஒதுங்கிச்சு."

"அங்க மாட்டிட்டுப் போ."

"இதை அறுக்கணும். கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

ஹார்லன் அப்போதுதான் நிமிர்ந்தார். "உங்க வீட்ல எப்பலேர்ந்து கேட்டுட்டு அறுக்க ஆரம்பிச்சீங்க?"

பக்கத்துப் படகுகளில் இருந்தவர்கள் கை வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"எங்கப்பா கேக்கல" என்றாள் அல்மீடா. "நான் கேக்கறேன்."

ஹார்லன் மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்கு?"

"ஜூனி ஸ்பூனுக்குப் பிடி போட. பச்சை அவ கண்ணுக்குத் தெரியல."

அவர் உள்ளே போய்ப் புதிதாக ஒன்றை எடுத்துவந்தார். "அது உப்பும் பாசியும் ஏறினது. குழந்தை வாய்கிட்ட போற சாமான். இதை வெச்சுக்க. ஆனா ஒண்ணு, அந்த நிறத்துல அவ கூண்டு போடக் கூடாது."

"அவளுக்கு நாலு வயசு, ஹார்லன்."

"உங்க குடும்பத்துல சொல்ல முடியாது."

அடுத்த விருந்தில் ஜூனி மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். வெள்ளைத் தட்டு, பக்கத்தில் ஆரஞ்சுப் பிடி. கை நேராக அதற்குப் போனது. முதல் வாய் பீன்ஸ் மடியில் கொட்டியது. ராண்டாவின் கை தானாக எழுந்தது; அல்மீடா மேஜைக்கடியில் அதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது வாய் உள்ளே போனது. பிறகு ஜூனி யாரையும் பார்க்காமல், முகமெல்லாம் வெல்லப்பாகோடு, தட்டில் இருந்ததை முடித்தாள்.

கூடத்தில் யாரும் அதைப் பேசவில்லை. அப்பா கயிறு அறுத்ததை அல்மீடா துறையில் ஒப்புக்கொண்டதைத்தான் பேசினார்கள். அவளுடைய அண்ணன், ஜூனியின் தாத்தாதான், செத்துப்போன அப்பனைச் சந்திக்கு இழுத்துவிட்டாள் என்று அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

நான் போய்ச் சமாதானம் பேசிப் பார்த்தேன். அல்மீடா கூண்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"பேசலேன்னா போகட்டும்" என்றாள். "புள்ள சாப்பிடுது."